பகலில் வரும் அதிகாரியும் இரவில் வரும் நெடியும்

கேள்வி: எங்கள் காலனியில் 140 வீடுகள். மேற்கே தொழிற்பேட்டை, கிழக்கே கழிமுகம், அதற்கப்பால் கடல். ஊர் இருப்பது தொழிற்பேட்டைக்கு வடமேற்கே. இரவு பத்து மணிக்கு மேல் அழுகிய முட்டை நெடி வருகிறது, சில நாள் மூக்கை அரிக்கும் வேறொரு நெடியும் வருகிறது. பிள்ளைகளுக்கு இருமல் விடுவதில்லை. அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான்கு முறை மனு கொடுத்துவிட்டோம். பகலில் வந்து பார்த்துவிட்டு, 'அளவுகள் வரம்புக்குள் உள்ளன' என்று பதில் அனுப்புகிறார்கள். பாதி வீடுகளுக்குப் பட்டா இல்லை. 'புறம்போக்கில் இருந்துகொண்டு புகார் வேறா' என்கிறார்கள். எங்கள் பையன்கள் சிலருக்கு அதே கம்பெனிகளில்தான் ஒப்பந்தக் கூலி வேலை. நாங்கள் என்ன செய்வது?
(கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாரியத்தின் பதில் பொய் என்று எடுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அளவுகள் வரம்புக்குள் இருந்ததும் உண்மையாக இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் மூச்சுக்குத் திணறியதும் உண்மைதான். இரண்டும் ஒரே நாளில் எப்படி நடக்கும் என்பதைப் புரிந்துகொண்டால், ஐந்தாவது மனுவை வேறு மாதிரி எழுதுவீர்கள்.

இந்தியாவின் காற்றுத்தர வரையறைகள் 2009இல் அறிவிக்கப்பட்டவை. கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். இரவில் மூன்று மணி நேரம் 400 மைக்ரோகிராம் வீசி, மீதி 21 மணி நேரம் 20ஆக இருந்தது என்று வையுங்கள். கூட்டி 24ஆல் வகுத்தால் 67.5. அறிக்கையில் 'வரம்புக்குள்'. அந்த மூன்று மணி நேரம் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு என்ன ஆனது என்பதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. இந்த வாயுவுக்கு உலக சுகாதார நிறுவனம் 10 நிமிட அளவுகோல் ஒன்றும் வைத்திருக்கிறது, 500 மைக்ரோகிராம். நம் வரையறையில் கந்தக டை ஆக்சைடுக்கு அப்படிக் குறுகிய நேர அளவு எதுவும் இல்லை.

இன்னொன்று. அந்த 2009 பட்டியலில் இருப்பவை மொத்தம் 12 மாசுகள். அழுகிய முட்டை நெடிக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அதில் கிடையாது. எனவே உங்கள் முட்டை நெடியைப் பற்றி அந்தப் பதில் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த மனுவில் முதல் வரியாக இதையே கேளுங்கள்: 'எந்தெந்த வாயுக்களை, எந்த இடத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அளந்தீர்கள்? அப்போது காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது?'

நெடி ஏன் இரவில் வருகிறது? கடலோரத்தில் பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் முற்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே வீசும். அதிகாரி பதினொன்றரைக்கு வந்து நிற்கும்போது கிழக்கிலிருந்து வரும் சுத்தமான காற்று அவர் முகத்தில் அடிக்கும். புகை மேற்கே போய்க்கொண்டிருக்கும். இரவில் நிலம் குளிர்ந்ததும் கரைக்காற்று கடலை நோக்கித் திரும்பும். தொழிற்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது உங்கள் காலனிதான். போதாக்குறைக்குத் தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ளது வெப்பமாகவும் இருப்பதால், தாழ்வாக வெளியேறும் வாயு மேலே எழும்பிக் கலையாமல் மூடிபோட்டதுபோலத் தரையிலேயே கிடக்கும். இவை இயற்கை. மனிதக் காரணமும் ஒன்று உண்டு: புகையைக் கழுவும் ஸ்கிரப்பரின் மோட்டாரையும் பம்பையும் நிறுத்தினால் மின்கட்டணம் மிச்சம். இருட்டில் வெண்புகை யார் கண்ணிலும் படாது. உங்கள் இடத்தில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறதா என்று பார்க்க வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை, ஒரு நெடிக் குறிப்பேடு. இதற்குக் காசு வேண்டாம், ஒழுங்குதான் வேண்டும். காலனியின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஊர்ப்பக்கம் நம்பிக்கையான ஒருவரையும் சேருங்கள்; அவருடைய ஏடு உங்களுடையதைவிட மதிப்புள்ளதாக ஆகலாம். கம்பிச் சுருள் இல்லாத, பக்கம் கிழிக்க முடியாத தைத்த நோட்டு. பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போடுங்கள். தினமும் இரவு 9, நள்ளிரவு 12, காலை 5 என்று மூன்று நிலையான நேரங்கள். நடுவில் நெடி வந்தால் அதுவும். ஒவ்வொரு பதிவிலும் தேதி, நெடி தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், நின்ற இடம், நெடி எதைப் போன்றது, 0 முதல் 5 வரை கடுமை, காற்று எங்கிருந்து, உடம்பில் என்ன செய்தது, கையெழுத்து. தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடியுங்கள், அழிக்கக் கூடாது. ஒருவர் ஏட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதினால் ஆறு ஏடும் ஒன்றாகிவிடும்.

நெடி இல்லாத நேரத்தில் '0' என்று எழுதுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அந்தச் சுழியங்கள் இல்லாவிட்டால் ஏடு வெறும் புலம்பல் என்று தள்ளப்படும். அவை இருந்தால்தான் 'மேற்குக் காற்று அடித்த 45 பதிவுகளில் 38இல் நெடி, மற்றத் திசைகளில் அடித்த 45இல் மூன்றே மூன்று' என்பது போன்ற கணக்கைப் போட முடியும். (இந்த எண்கள் விளங்குவதற்காகச் சொன்னவை.) நெடி எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஒரு வாக்கியமே சொல்லிவிடும்.

காற்றுத் திசைக்கு, வீட்டுச் சுவர்களிலிருந்து தள்ளி ஒரு பத்தடிக் கம்பு நட்டு உச்சியில் நீளமான ரிப்பன் கட்டினால் போதும். ரிப்பன் பறக்கும் பக்கத்தை எழுதிவிடாதீர்கள். காற்று புறப்படும் பக்கத்தை எழுதவேண்டும். வாடை என்றால் வடக்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து, தென்றல் என்றால் தெற்கிலிருந்து என்று நம் பேச்சிலேயே அப்படித்தான் இருக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் ஏட்டைக் கொடுத்தால் பிழை வராது. எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று ஓங்கியிருக்கும்போது தொடங்கினால் ஏடு முழுக்கச் சுழியமாக நிரம்பி, எதிர்த்தரப்புக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நெடியைப் பெயர் வைத்துச் சொல்லாதீர்கள், எதைப் போன்றது என்று சொல்லுங்கள். மூத்திர நெடி என்றால் அம்மோனியாவாக இருக்கலாம்; பிளீச்சிங் பவுடர் என்றால் குளோரின்; நகப்பூச்சு என்றால் கரைப்பான்கள்; சமையல் கேஸ் கசிந்ததுபோல் என்றால் மெர்காப்டன் வகை. எதிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் பொறியாளருக்கு இது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கையும்: ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும், ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். கடும் நெடி திடீரென்று 'நின்றுவிட்டால்', கண் எரிச்சலும் தலைசுற்றலும் தொடர்ந்தால், அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாமல் இடத்தைவிட்டு நகருங்கள். ஓடும் திசை காற்றுக்குக் குறுக்கே இருக்கவேண்டும். காற்றோடு ஓடினால் வாயு உங்களோடேயே வரும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது. அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் மூக்கில் ஈரத்துணி கட்டுவது அதற்கு ஓரளவு பயன்படும்.

இணையத்தில் விற்கும் சின்னக் காற்றுமானிகளை வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். அவற்றில் பெரும்பாலானவை தூசியை மட்டும் அளப்பவை, வாயுவை அல்ல. பனி இறங்கும் ஈரமான அதிகாலையில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிக்கொண்டு எகிறும். அந்த எண்ணை மனுவில் போட்டால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

இப்போது காகிதங்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் வாரியத்தின் இசைவாணை பெற்றுத்தான் இயங்குகிறது. காற்றுச் சட்டப்படி ஒன்று, நீர்ச் சட்டப்படி ஒன்று. எத்தனை புகைபோக்கிகள், என்ன உயரம், எதை எவ்வளவு உற்பத்தி செய்யலாம், கழிவுநீர் நாளுக்கு எத்தனை கிலோலிட்டர், அது எங்கே போகவேண்டும் என்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். பலர் 'நாற்றம் தாங்கவில்லை' என்று எழுதுகிறார்கள். 'இசைவாணையின் இன்ன நிபந்தனை மீறப்படுகிறது' என்று எழுதுகிறவர்கள் குறைவு. முதல் வகை மனுவை ஆய்வுக்கு அனுப்பி முடித்துவிடலாம், இரண்டாவதுக்குப் பதில் எழுதியாக வேண்டும். 1974 நீர்ச் சட்டத்தின் 25(6)ஆம் பிரிவும் 1981 காற்றுச் சட்டத்தின் 51ஆம் பிரிவும், இசைவாணைப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர்கள் பார்வையிடலாம் என்றே சொல்கின்றன. அலுவலகத்தில் இந்தப் பிரிவுகளைச் சொல்லிக் கேட்பவர்கள் அபூர்வம். நீங்கள் கேளுங்கள்.

மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று விளக்கம் கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்: நடப்பு இசைவாணைகள், கடைசி மூன்று ஆய்வறிக்கைகள், புகைபோக்கி அளவீட்டு அறிக்கைகள், ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30க்குள் கம்பெனி தரவேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை (படிவம் 5), தொடர் கண்காணிப்புக் கருவி இருந்தால் குறிப்பிட்ட ஒரு வாரத்தின் 15 நிமிடத் தரவு. ஒரு மனுவில் ஒரே கம்பெனி. இருபது கம்பெனியை ஒன்றாகக் கேட்டால் அலுவலக வளங்களைச் சிதறடிப்பதாகச் சொல்லி வேறு வடிவத்தில்தான் தருவோம் என்பார்கள்.

முன்பு சொன்ன வழி இங்கேதான் வருகிறது. மாசு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் தனி மின்மீட்டர் வைத்துக் கணக்குப் பதிவேடு எழுதவேண்டும் என்ற நிபந்தனை பல இசைவாணைகளில் இருக்கும். இருந்தால், அந்தப் பதிவேட்டை ஆய்வின்போது சரிபார்க்குமாறு தேதி குறிப்பிட்டு எழுதுங்கள். உங்கள் ஏட்டில் கடுமை '4' என்று இருக்கும் இரவுகளில் ஸ்கிரப்பரின் யூனிட் ஓடாமல் நின்றிருந்தால் அதற்கு மேல் வாதிட ஒன்றுமில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். மஞ்சள் என்றாலே ரசாயனம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் பழுப்பேறி அடியில் வண்டல் தங்கினால் பெரும்பாலும் இரும்பு. பிடித்த கணமே மஞ்சளாக இருந்து, வண்டலே தங்காமல் அப்படியே நின்றால் சாயம் அல்லது குரோமியம் என்று சந்தேகப்பட வேண்டும். ராணிப்பேட்டையில் கைவிடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது அப்படித்தான். இது ஊகத்துக்குத்தான், முடிவு ஆய்வகத்தில். சாதாரண சோதனைகளை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். கன உலோகங்களுக்குத் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். அவர்கள் தரும் அமிலம் சேர்த்த குப்பியில்தான் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு அறிக்கையில் குறைவாகத் தெரியும். குழாயில் தேங்கிய பழைய நீர் போக ஐந்து முதல் பத்து நிமிடம் நன்றாக அடித்துவிட்ட பிறகு பிடியுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே ஒரு கிணற்றை மட்டும் சோதிக்காதீர்கள். தொழிற்பேட்டைக்கு மேட்டுப்பக்கம் உள்ள ஊர்க் கிணறு ஒன்றிலும் அதே நாளில் மாதிரி எடுக்காவிட்டால், 'இந்தப் பகுதி மண்ணே அப்படித்தான்' என்ற ஒரு வரியில் உங்கள் செலவெல்லாம் கரைந்துவிடும்.

நீங்கள் எடுத்த மாதிரியை வைத்து கம்பெனி மேல் வழக்குத் தொடர முடியாது. அதற்கு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரியே, கம்பெனிக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு எடுக்கவேண்டும். அதனால் உங்கள் அறிக்கை வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரியத்தை அந்த மாதிரி எடுக்க வைப்பதற்குத்தான் உங்கள் அறிக்கை. கடைசியில் நீங்கள் போகக்கூடிய இடமான, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதும் அல்ல.

இந்தச் சுமை ஏன் உங்கள் பக்கம் மட்டும் விழுகிறது என்பதை மனுவில் எப்படிச் சொல்வது? கோபமாக எழுதினால் போதாது, வரைபடமாகக் காட்டவேண்டும். அமெரிக்காவில் 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பினத்தவர் பெருவாரியாக வாழ்ந்த பகுதியில் நச்சு மண்ணைக் கொட்டுவதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. 1987இல் ஒரு திருச்சபை அமைப்பு நாடு முழுவதும் அஞ்சல் குறியீடு வாரியாக அபாயக் கழிவுக் கிடங்குகளையும் அங்கே வாழ்பவர்கள் யார் என்பதையும் ஒப்பிட்டு, வருமானத்தையும்விட இனமே வலுவான தொடர்புடையதாக இருப்பதைக் காட்டியது. அதன் பிறகுதான் அது 'உங்கள் ஊர்ப் பிரச்சினை' என்ற நிலையைத் தாண்டியது. நீங்கள் செய்யவேண்டியதும் அதுதான், சிறிய அளவில். கிராம வரைபடத்தில் புகைபோக்கிகள், கழிவுநீர் வெளியேறும் வாய், கழிவு கொட்டும் இடம் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் எந்தக் குடியிருப்பின் எத்தனை வீடுகள், எந்தப் பள்ளி, எந்த அங்கன்வாடி, எத்தனை குடிநீர்க் கிணறு என்று எண்ணுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை வருவாய்க் கிராம வாரியாகக் கிடைக்கிறது, ஆனால் ஊரும் காலனியும் சேர்ந்த ஒரே எண்ணாக. இரவின் மூன்று மணி நேரம் 24 மணி நேரச் சராசரியில் கரைவதுபோலவே, கிராமத்துச் சராசரியில் உங்கள் காலனியும் கரைந்துவிடும். எனவே வீட்டு வாரிப் பட்டியலை நீங்களே எடுக்கவேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தன் வரம்புக்குள் இருக்கிறது, இருபதும் சேர்ந்து ஒரே காலனிமேல் விழுவதை யாரும் கூட்டுவதில்லை என்பதையும் இந்த வரைபடம் காட்டும்.

நோய்க் கணக்கெடுப்பில் இப்போதைக்கு இறங்க வேண்டாம். 140 வீடுகளில் புற்றுநோய் எத்தனை என்று எண்ணி இந்தப் புகைதான் காரணம் என நிறுவ முடியாது. எண்ணிக்கை மிகச் சிறியது, பீடி, அடுப்புப் புகை என்று பத்துக் காரணங்களை எதிர்த்தரப்பு அடுக்கும். அதற்குப் பதிலாக, நெடி வந்த மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் புறநோயாளிச் சீட்டில் அறிகுறியையும் முகவரியையும் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். ஏட்டின் தேதியும் சீட்டின் தேதியும் பொருந்தினால் போதும்.

ஒரு மாத ஏடு கையில் வந்ததும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு. 'வந்து பாருங்கள்' என்று பொதுவாக எழுதாமல், இரவு 10 முதல் காலை 5 மணிக்குள், மேற்குக் காற்றுள்ள நாளில் ஆய்வு, காலனிக்குள்ளேயே ஹைட்ரஜன் சல்பைடையும் சேர்த்து 30 நாள் தொடர் அளவீடு என்று கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவீட்டு நாட்களில் வரம்பு மீறினால் தொடர் கண்காணிப்பு தொடங்க அதுவே போதுமான காரணம் என்று 2009 அறிவிக்கையே சொல்கிறது. அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுத்து எண் வாங்குங்கள். கிராமசபையில் தீர்மானம் போட முடிந்தால் நல்லது. ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

எதுவும் நடக்காவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் வழி உண்டு; மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். இங்கே ஒரு குழி இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். 'முப்பது ஆண்டுகளாக அனுபவிக்கிறோம்' என்று உருக்கமாகத் தொடங்கும் மனு தன் காலக்கெடுவைத் தானே முடித்துக்கொள்கிறது. ஏட்டில் உள்ள அண்மைத் தேதிகளையும், புதிதாகக் கிடைத்த ஆய்வக அறிக்கையையும், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட இசைவாணையின் மீறலையும் முன்னால் வையுங்கள். இழப்பீட்டுக்கான 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

பட்டா விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. 'பாதிக்கப்பட்ட எவரும்' என்பதே சட்டத்தின் சொல். அங்கே வசிப்பதற்கு ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது போதும். ஆனால் மனுவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: மாசைக் குறைக்கக் கேட்கிறோம், குடியிருப்பை அகற்றக் கேட்கவில்லை. அதை எழுதாமல் விட்டால், ஆக்கிரமிப்பை அகற்றி வேறிடத்தில் வீடு தருவதே தீர்வு என்று கோப்பு திரும்பிவிடக்கூடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், பட்டியல் சாதியினரின் குடியிருப்பருகே கழிவைக் கொட்டுவதும் அவர்கள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதும் குற்றங்களாக உள்ளன. கழிவைக் கொட்டுவது குற்றமாக வேண்டுமானால் இழிவுபடுத்தும் அல்லது தொல்லை தரும் நோக்கத்தைக் காட்டவேண்டும். புகைபோக்கி விவகாரத்தில் இந்தச் சட்டம் பெரும்பாலும் நிற்காது. டேங்கர் லாரி இரவில் வந்து உங்கள் குட்டையில் கழிவுநீரைத் திறந்துவிட்டால், வண்டி எண்ணோடு படம் இருந்தால், அப்போது இதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

ஒப்பந்தக் கூலியாக உள்ளே வேலை செய்யும் பிள்ளைகள் ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டாம், மனுவிலும் வேண்டாம். உள்ளேயிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். கைப்பேசியைப் பிடுங்கி வேலையைவிட்டு நிறுத்த அது போதும். அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: எந்தத் தேதி, எந்த ஷிப்டில், எத்தனை மணிக்கு ஸ்கிரப்பர் மோட்டாரின் சத்தம் நிற்கிறது. அந்த நேரத்துக்கான மின்மீட்டர் பதிவை நீங்கள் வெளியிலிருந்து கேட்டுக்கொள்ளலாம்.